பாராளுமன்றம் கட்டினார், வங்கி ஆனது

நாக்பூரில் எங்கள் கிளை இருப்பது ஒரு பழைய பங்களாவில். கேஷ் கவுன்டர் இருக்கிற இடம் ஒரு காலத்தில் யாருடைய வீட்டு ஹாலோ! ஒரு நாள் கிளைக்கு வந்த என் மகள், "இதைக் கட்டினவங்க இப்போ வந்து பார்த்தா என்னப்பா நினைப்பாங்க?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை. டப்ளின்காரர் ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். நான் படித்தது பி.காம், கட்டடக்கலை எனக்குத் தூரம். இவர் கதையில் வங்கி வருவதால் பிடித்துக்கொண்டேன்.

பெயர் எட்வர்ட் லவெட் பியர்ஸ். பிறந்தது சுமார் 1699. அப்பா ராணுவத் தளபதி. இங்கிலாந்தின் பெரிய கட்டடக் கலைஞர் ஜான் வான்பரோ, அப்பாவழி உறவு. பியர்ஸும் முதலில் குதிரைப்படையில்தான் இருந்தார். பிறகு இத்தாலிக்குப் போய் பல்லாடியோ கட்டிய மாளிகைகளை நேரில் பார்த்தார். கையோடு பல்லாடியோவின் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, ஓரங்களில் குறிப்பு எழுதியிருக்கிறார்.

1729-ல் டப்ளினில் அயர்லாந்து பாராளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வரைபடம் பியர்ஸுடையது. இரண்டு அவைகள் கூடுவதற்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டிய கட்டடம் அதுதான். லண்டனிலேயே மக்கள் அவை அப்போது பழைய தேவாலயம் ஒன்றில்தான் கூடியது! பியர்ஸ் அந்த அவையில் உறுப்பினராகவும் இருந்தார். 1731-ல் சர்வேயர் ஜெனரல் பதவி, 1732-ல் 'சர்' பட்டம், 1733 டிசம்பரில் மரணம். வயது 34 இருக்கும். வேலை முழுதாக முடிந்தது 1739-ல்.

பிறகு நடந்ததுதான் வேதனை. 1800-ல் அந்தப் பாராளுமன்றம் தன்னையே கலைத்துக்கொள்ள ஓட்டுப் போட்டது. அதிகாரம் லண்டனுக்குப் போனது. 1803-ல் பாங்க் ஆஃப் அயர்லாந்து 40,000 பவுண்டுக்குக் கட்டடத்தை வாங்கியது. அரசு ஒரு நிபந்தனை போட்டது: இனி இங்கே பாராளுமன்றம் கூட முடியாதபடி உள்ளே மாற்றிவிட வேண்டும். அடமானப் பத்திரத்தில் எத்தனையோ நிபந்தனை படித்திருக்கிறேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. கட்டடம் பழைய ஞாபகத்தைக் கிளப்பிவிடும் என்ற பயம்! பியர்ஸ் எண்கோணமாக அமைத்த மக்கள் அவையின் குவிமாடம் 1792 தீ விபத்திலேயே போயிருந்தது. திருப்பிக் கட்டிய அவையையும் வங்கிக்காக இடித்தார்கள். பிரபுக்கள் அவை மட்டும் தப்பித்து இன்றும் நிற்கிறது.

1922-ல் சுதந்திர அயர்லாந்தின் பாராளுமன்றம் வேறொரு மாளிகையில் குடியேறியது. பெயர் லெய்ன்ஸ்டர் ஹவுஸ். ஒரு பிரபுவுக்காக அந்த வீட்டை வடிவமைத்தவர் ரிச்சர்ட் காசல்ஸ். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர். பியர்ஸிடம், அதே பாராளுமன்றக் கட்டட வேலையில் உதவியாளராக இருந்தவர்.

குருநாதர் கட்டிய பாராளுமன்றம் வங்கியானது, வெளியூரிலிருந்து வந்த சிஷ்யர் கட்டிய வீடு பாராளுமன்றமானது. மகளிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ கட்டினவங்க கையில ஒண்ணுமே இல்லையாப்பா?" என்றாள்.

உறுதியாகக் கட்டுவது மட்டும் அவர்கள் கையில் இருக்கிறது, கண்ணு.