வைப்பாளரின் அச்சமும் வங்கிகளின் வீழ்ச்சியும்: 1906, 1938, 1960

நிக்கோபார் தீவுகளில் நெடுங்காலம் தேங்காயே பொருள்களின் விலையை அளக்கும் அலகாக விளங்கியது. வணிகக் கப்பல்களோடு நடந்த பண்டமாற்றும் தேங்காயைக் கொண்டே கணக்கிடப்பட்டது. தேங்காய் கெடலாம், விளைச்சல் குன்றலாம். ஆயினும் அதை வைத்திருப்பவர் எவருடைய வாக்குறுதியையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. வங்கி வைப்பு அத்தகையதன்று; கேட்டவுடன் பணம் தருவேன் என்னும் வாக்குறுதியே அது. அந்த வாக்கு பொய்க்கும் என்ற ஐயம் எழும் இடத்தில்தான் வங்கிப் பீதி தொடங்குகிறது.

இதனை வெறும் வதந்தியின் விளைவு என ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது. வங்கி தன்னிடம் உள்ள வைப்புகளில் சிறு பகுதியையே ரொக்கமாக வைத்திருக்கிறது. எஞ்சியதைக் கடனாக வழங்குகிறது. முதலில் வருபவருக்கு முழுத் தொகையும் கிடைக்கும்; கடைசியில் வருபவருக்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். எனவே பிறர் ஓடுவார்கள் என்று கருதுபவர் தாமும் ஓடுவது அறிவுக்குப் பொருந்திய செயலே. எல்லோரும் அவ்வாறு ஓடினால் நலமான வங்கியும் சரியும்.

1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதன் லண்டன் கூட்டு நிறுவனமான மக்ஃபாடியனின் வீழ்ச்சியோடு இணைந்தே இந்த முறிவும் நேர்ந்தது. ஓய்வூதியர், விதவையர், அரசு ஊழியர் எனப் பலரின் சேமிப்பு அதில் சிக்கியது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மோசடிக் குற்றத்திற்காகச் சிறை சென்றார். ஐரோப்பிய நிறுவனத்தின் பெயரே போதிய பிணை என்னும் எண்ணம் அத்துடன் தகர்ந்தது. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் முயற்சியில் உருவான இந்தியன் வங்கி 1907 ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது.

அன்று நாட்டில் மைய வங்கி இல்லை. ஆனால் 1938 ஜூனில் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவடைத்தபோது இந்திய ரிசர்வ் வங்கி தோன்றி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. முந்தைய ஆண்டில்தான் இரு வங்கிகளை இணைத்து இவ்வங்கி அமைக்கப்பட்டிருந்தது. வைப்பாளர் ஓட்டத்தை அதனால் தாங்க முடியவில்லை. அதைக் காக்கும் கடன் ரிசர்வ் வங்கியிடமிருந்தும் கிடைக்கவில்லை. திவான் சி.பி. ராமசாமி ஐயருக்கும் வங்கியின் தலைவர்களுக்கும் இடையிலான பகை இதில் எவ்வளவு பங்கு வகித்தது என்பது இன்றும் விவாதத்திற்குரியது. ஒன்று மட்டும் தெளிவு: கடைசிக் கடனாளராக நிற்க வேண்டிய நிறுவனம் இருப்பது மட்டும் போதாது. யார் தற்காலிகப் பணமுடையில் தவிக்கிறார், யார் உண்மையிலேயே நொடித்துவிட்டார் என்று பிரித்தறிய அதற்குக் கணக்குகளை ஆராயும் அதிகாரம் வேண்டும். ரிசர்வ் வங்கி 1939இல் வங்கிச் சட்டத்திற்கான முன்மொழிவுகளை அளித்தது. சட்டம் நிறைவேற 1949 வரை காத்திருக்க நேர்ந்தது.

பீதி பரவும் வழிகள் இரண்டு. ஒரு வங்கி வீழ்ந்ததும், அதைப் போன்றதுதானோ தம் வங்கியும் என அண்டை வங்கியின் வைப்பாளர் ஐயுறுவது முதல் வழி. ரொக்கத்திற்காக வங்கிகள் பத்திரங்களை அவசரமாக விற்க, விலை சரிந்து, அதே பத்திரங்களை வைத்திருக்கும் பிற வங்கிகளின் சொத்து மதிப்பும் குறைவது இரண்டாம் வழி.

1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது ரிசர்வ் வங்கியிடம் அதிகாரம் இருந்தது. வைப்பாளருக்கோ பாதுகாப்பு இல்லை. அக்குறையை நீக்க 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்கு உச்சவரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய். கூட்டுறவு வங்கிகளும் பின்னர் இக்காப்பீட்டிற்குள் கொண்டுவரப்பட்டன.

ஆகவே அந்தமானில் கூட்டுறவு வங்கியொன்றில் சேமிக்கும் மீனவருக்குரிய பாதுகாப்பு, 1906இலும் 1938இலும் 1960இலும் வைப்பாளர்கள் இழந்தவற்றின் வழியே உருவானது. எனினும் உச்சவரம்பைத் தாண்டிய வைப்புகளுக்கு அச்சத்தின் காரணம் அப்படியே நிற்கிறது. காப்பீடு சிறு சேமிப்பாளரின் ஓட்டத்தைத் தடுக்கும். தவறான கடனையோ நிர்வாகத்தின் முறைகேட்டையோ அது தடுக்காது. அவற்றைத் தடுப்பது காலத்தில் நடக்கும் தணிக்கையும், அதன் முடிவுகள் வைப்பாளர் காதுக்கும் எட்டுவதுமே.