கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு



லயத்து வீட்டில் கூரை ஒழுகினால் நம் பெற்றோர் என்ன செய்தார்கள்? அடியில் வாளியை வைத்துவிட்டு, மறுநாள் பெரட்டில் கிராணியாரிடம் சொன்னார்கள். தச்சர் வந்தால் பழுது தீரும். வராவிட்டால் வாளி நிரம்பும். வீடு நிர்வாகத்தினுடையது, அதன் கணக்கும் ஆபீசினுடையது. ஆகவே, ரசீது சேர்த்துவைக்கும் பழக்கம் நமக்கு ஏற்படவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பின்னர், நம்மில் பலர் புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துத் தாமான்களில் சொந்த வீடு வாங்கினோம். வங்கிக் கடனோடு காப்புறுதிப் பத்திரமும் வந்தது. அதை அலமாரியில் பூட்டிவைத்தோம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மாநிலத்தை வெள்ளம் சூழ்ந்த பிறகே பலரும் அதைப் பிரித்துப் பார்த்தோம். அடிப்படைத் தீக் காப்புறுதி வெள்ளத்துக்கு உதவாது. வீட்டுடைமையாளர் காப்புறுதியே வெள்ளத்தையும் குழாய் வெடிப்பையும் சேர்த்துக்கொள்கிறது. அதுவும் கட்டடத்துக்குத்தான், சாமான்களுக்குத் தனிக் காப்புறுதி வேண்டும்.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவரின் வீட்டில், குழாய் வெடித்துச் சமையலறை உட்கூரை இடிந்து விழுந்தது. “இது பழைய ஒழுகல், நாளடைவில் வந்த சேதம்” என்று கம்பெனி கைவிரித்தது. பழைய ஒழுகலை ஈராண்டுகளுக்கு முன்பே சரிசெய்திருந்தார்கள். செய்தவர் அடுத்த வீட்டுக் கொத்தனார், ரசீது இல்லை. உண்மை இருந்தது, சான்று இல்லை.

இத்தகைய வழக்கு இன்று நேற்று எழுந்ததன்று. சுமத்திராவின் மேற்குக் கரையில் பெங்கூலு என்னும் ஊர் உண்டு. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடம் கொடுத்து, மாற்றாக மலாக்காவைப் பெற்றார்களே, அந்த ஊர்தான். அங்கிருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், ஐரோப்பிய எதிரி கோட்டையைப் பிடித்தால் இழப்பீடு கிடைக்குமாறு லண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். “கோட்டையின் பலவீனத்தை மறைத்துவிட்டார்” என்று காப்புறுதி கொடுத்த போம் பணம் தர மறுத்தார். கார்ட்டர் எழுதிய கடிதங்களே நீதிமன்றத்தில் சான்றாக வாசிக்கப்பட்டன.

1766இல் மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்பளித்தார். காப்புறுதி எடுப்பவர் தமக்கு மட்டுமே தெரிந்ததை மறைக்கலாகாது. கொடுப்பவரும், கேட்டறியக் கூடியதைக் கேளாமல் விட்டுவிட்டுப் பின்னர் குறை சொல்லலாகாது. கார்ட்டர் வென்றார்.

நம் நாட்டின் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்திலும் இதே நியாயத்தைக் காண்கிறோம். கம்பெனி குறிப்பாகக் கேள்வி கேட்க வேண்டும். நாம் கவனத்தோடு உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும்.

அந்த மாணவருடன் சேர்ந்து வீடெங்கும் தேடினோம். பலகையும் சாயமும் வாங்கிய கடைச் சீட்டு ஒன்று அகப்பட்டது. மகளின் பிறந்தநாள் படத்தில், பிள்ளையின் தலைக்கு மேலே கறையில்லாத உட்கூரை தெரிந்தது. இரண்டையும் வைத்து மேல்முறையீடு செய்தோம். கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது.

பெரியோர்களே, வீட்டில் ஒரு கோப்பு தொடங்குங்கள். பழுதுபார்க்குமுன் ஒரு படம், முடிந்தபின் ஒரு படம், பொருள் வாங்கிய சீட்டு, வேலை செய்தவரின் பெயர், தேதி, கூலி, அவர் கையெழுத்து. சொந்தக்காரர் செய்தாலும் எழுதி வாங்குங்கள். கம்பெனியின் முடிவு நியாயமில்லை என்றால், 2025 முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையிடம் முறையிடலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை.

அன்று நம் கூரையின் கணக்கை ஆபீஸ் எழுதியது. இன்று கூரை நம்முடையது. கணக்கும் நாம் எழுத வேண்டியதே.