காஞ்சிக்கு வந்த மூன்றரை அடிப் பாதை

ஜப்பானில் மட்சுயாமா என்றொரு நடுத்தர நகரம் உண்டு. கார் இல்லாதவர் அங்கே கவலைப்பட வேண்டியதில்லை. தெருவிலேயே டிராம் ஓடுகிறது. அதன் தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் 1067 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அடி. 1872இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோதும் இதே அகலந்தான். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1865இல், இந்த மூன்றரை அடிப் பாதையில் நம் காஞ்சிபுரத்துக்குப் புகைவண்டி வந்துவிட்டது என்பதை எத்தனை பேர் அறிவோம்? பென்ஸின் மோட்டார் வண்டி தோன்ற அப்போது இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போடப்பட்ட ஐந்தரை அடி அகலப் பாதை, காஞ்சியைத் தொடாமல் அரக்கோணம் வழியே சென்றது. விடுபட்ட ஊரை அரக்கோணத்துடன் இணைக்க, சுமார் 30 கிலோமீட்டருக்கு இந்தியன் டிராம்வே கம்பெனி குறுகிய பாதையைப் போட்டது.

ஏன் குறுகலாக? கரை குறுகும், குறுக்குக் கட்டை சிறுக்கும், எஞ்சினின் எடை குறையும், செலவும் குறையும். இன்னொரு நன்மையும் உண்டு. ரயிலின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. ஒன்று முந்தி மற்றது பிந்திச் சுழல இயலாது. ஆனால் வளைவிலோ வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். சக்கர விளிம்பின் சரிவு இதை ஓரளவு ஈடுசெய்யும்; மிஞ்சினால் உராய்வுதான். கால் வட்டம் திரும்பும்போது இந்த வேறுபாடு, பாதை அகலத்தை π/2 ஆல் பெருக்கினால் கிடைக்கும். அகலப் பாதைக்கு 2633 மில்லிமீட்டர். மூன்றரை அடிப் பாதைக்கு 1676. (இந்த 1676 அகலப் பாதையின் அகலமே! வெறும் தற்செயல்தான்; ஆயினும் கணக்குப் போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.)

மலைகள் நிறைந்த ஜப்பானுக்கு இது பெரிய உதவி. சமவெளியிலுள்ள காஞ்சிக்கோ சிக்கனம் ஒன்றே மிச்சம். அதற்கும் அரக்கோணத்தில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அகலப் பாதை வண்டி குறுகிய பாதையில் ஏறாதல்லவா? ஆளும் மூட்டையும் இறங்கி மாறியே தீரவேண்டும்.

1870இல் மேயோ பிரபுவின் அரசு, சிக்கனப் பாதை என்றால் மீட்டர் பாதை என்று முடிவு செய்தது. மூன்றரை அடி தனித்துப் போயிற்று. 1878இல் காஞ்சிப் பாதையும் மீட்டர் பாதையாக மாற்றப்பட்டது. அகலம் குறைந்தது வெறும் 67 மில்லிமீட்டர். அரக்கோணத்தில் மாறும் தொல்லை மட்டும் குறையவில்லை.

ஜப்பானுக்கு அண்டை நாட்டுப் பாதையோடு இணையும் கவலை கிடையாது, தீவு நாடல்லவா! அங்கும் 1964இல் அதிவேக ஷின்கான்சென் ரயிலுக்கு 1435 மில்லிமீட்டரில் தனிப் பாதை போட்டார்கள். பழைய பாதைக்கு மாறுகிறவர் பொதுவாக இறங்கித்தான் ஏறவேண்டும்.

காஞ்சிபுரம் நிலையத்தில் இன்று கிடப்பது 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை. அங்கே ஏறி அமர்ந்தால், செங்கல்பட்டு வழியாகச் சென்னைக் கடற்கரை நிலையத்தில்தான் இறங்கலாம்.