திரும்பப் பெறுதல்: ஒரு சிப்பும் ஒரு காயிலும்

2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6 வரிசை சிப்செட்களை அனுப்புவதை நிறுத்தியது. ‘கூகர் பாயின்ட்’ என்ற அந்தச் சிப்பில் ஒரு டிரான்சிஸ்டருக்கு மட்டும் தாங்கும் அளவைவிடக் கூடுதல் மின்னழுத்தம் போய்க்கொண்டிருந்தது. நாள்பட நாள்பட மின்கசிவு கூடி, ஹார்ட் டிஸ்க் செருகும் சாட்டா போர்ட்கள் ஆறில் நான்கு தளர்ந்துபோகலாம். பழுதுபார்க்கவும் மாற்றித்தரவும் 70 கோடி டாலர் ஆகும் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது.

2021 மே மாதம், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. மீட்டியார், கிளாசிக், புல்லட் வண்டிகளில் இக்னிஷன் காயில் கோளாறு. இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகும். அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம்.

இரண்டுமே வாங்கிய அன்று கண்ணில் படாத பழுதுகள். ஆனால் உரிமையாளரை எட்டிய விதத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பைக்குக்குச் சேசிஸ் நம்பர் உண்டு; பூந்தமல்லி வண்டி டிஎன் 12, அம்பத்தூர் வண்டி டிஎன் 13 என்று ஆர்டிஓ பதிவும் உண்டு. எந்த வண்டி யாரிடம் இருக்கிறது என்று டீலருக்குத் தெரியும். போன் வரும், காயிலைச் சோதித்து இலவசமாக மாற்றுவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, தேவைப்பட்டால் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்கே தருகிறது.

கணினிக்கு இதெல்லாம் ஏது? ஆவடிக்காரர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் மதர்போர்டு, பிராசசர், ரேம், கேபினெட் எல்லாம் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்துகொள்வார். பில்லில் அவர் பெயர்கூட இருக்காது. சிப் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது என்பதால் அதை மட்டும் மாற்ற முடியாது. முழு போர்டையும் கழற்றிக் கடைக்குச் சுமக்க வேண்டும்.

எனக்கு ஆற்றாமை தருவது இதுதான்: ஆறு போர்ட்களில் முதல் இரண்டில் குறையே இல்லை. ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் அவற்றில் மாற்றிச் செருகிவிட்டால் சாதாரணப் பயனருக்கு அந்தக் கவலையே இல்லை. ஸ்பானர்கூட வேண்டாம், தகவல் ஒன்றே போதும். அம்பத்தூர் எஸ்டேட்டில் டிராயிங் போடும் சிறு பட்டறைக்கு அந்தத் தகவலைச் சொல்லத்தான் யாருக்கும் பொறுப்பில்லை. போர்டு விற்கும்போதே சீரியல் நம்பரையும் வாங்குபவரின் போன் நம்பரையும் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

திருத்திய சிப் ‘பி3’ என்ற பெயரில் வந்தது. போர்டு நிறுவனங்கள் அதை அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டன. செகண்ட் ஹேண்ட் போர்டுகள் பெரும்பாலும் பெட்டி இல்லாமல்தான் கைமாறுகின்றன.