அச்சேறாத பகுதி

2001-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ‘ஹார்ப்பர்ஸ்’ மாத இதழுக்காக இரண்டு பேர் காஸாவுக்குப் போனார்கள். ஒருவர் நிருபர் கிறிஸ் ஹெட்ஜஸ். மற்றவர், மால்டாவில் பிறந்து அமெரிக்காவில் இதழியல் படித்த சித்திரக்கதைக் கலைஞர் ஜோ சாக்கோ.

1956 நவம்பரில், சூயஸ் போரின்போது, காஸாவின் கான் யூனிஸ் நகருக்குள் நுழைந்த இஸ்ரேலிய ராணுவம் ஆண்களைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சுட்டது என்று அவ்வூர் மக்கள் அவர்களிடம் சொன்னார்கள். ஹெட்ஜஸ் அதை எழுதிக் கொடுத்தார். இதழ் வெளிவந்தபோது அந்தப் பகுதியைக் காணோம். ஆசிரியர் குழு எடுத்துவிட்டிருந்தது. இதற்குப் பொய் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ஆனாலும் வாசகருக்கு அந்தச் சாவுகள் தெரியாமலே போயின. பத்திரிகைச் சார்பு பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

சாக்கோவால் அதை விட முடியவில்லை. மறுபடியும் காஸாவுக்குப் போனார். கான் யூனிஸில் 275 பேர், சில நாள் கழித்து காஸாவின் இன்னொரு ஊரான ரஃபாவில் 111 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. அறிக்கை பதிவு செய்திருந்தது. எதிர்த்தவர்களைத்தான் சுட்டோம் என்ற இஸ்ரேலின் விளக்கமும் அதில் இருந்தது. சாக்கோ முதியவர்களைத் தேடித் தேடிக் கேட்டார். அன்றாடம் வீடுகள் இடிக்கப்பட்டுக் கொண்டிருந்த ரஃபாவில், “இன்றைய கொடுமையை விட்டுவிட்டு 1956 எதற்கு?” என்று இளைஞர்கள் மடக்கினார்கள். அந்தக் கேள்வியையும் வரைந்தார். ஒரே சாவைப் பற்றி இருவர் சொன்னது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதபோது, அந்த முரணையும் வரைந்தார். கண்கள் தெரியாத வட்டக் கண்ணாடியோடு, துருவித் துருவிக் கேட்கும் தன்னையும் கட்டங்களுக்குள் நிறுத்தினார். இவையெல்லாம் 2009-இல் ‘ஃபுட்நோட்ஸ் இன் காஸா’ என்ற நூலாக வந்தன.

பாலஸ்தீனர் குரலே அதில் ஓங்கி ஒலிக்கிறது என்ற விமர்சனம் உண்டு. உண்மைதான். ஆனால் யாரிடம் கேட்டார், எங்கே சந்தேகப்பட்டார் என்பதெல்லாம் பக்கத்திலேயே தெரிகிறது. வாசகர் எடைபோட்டுக் கொள்ளலாம். ஆசிரியர் மேசையில் விழுந்த வெட்டுக்கு அப்படி ஒரு தடயமும் கிடையாது. இரண்டில் நான் சாக்கோவின் சார்பையே நம்புவேன்.