எத்தனையாவது இடம்?



பரிசளிப்பு விழா என்றாலே நம் வாயில் முதலில் வருகிற கேள்வி, "உங்க புள்ள எத்தனையாவது?" என்பதுதான். பிள்ளை வளர்ந்து எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்ததும் அதே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது: "அந்த யூனிவர்சிட்டி உலகத்துல எத்தனையாவது?" ஜெஞ்சாரோம் கடைத்தெருவிலும் கேட்கிறார்கள், பந்திங் பஸ் நிலையத்திலும் கேட்கிறார்கள். கல்விக் கண்காட்சிக்குப் போனால் அங்கே தொங்குகிற துணியிலும் இந்த எண்தான் பெரிய எழுத்தில் இருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது? இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? பதில் நம்முடைய சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

1941ஆம் ஆண்டு. நம் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் ஆர். எச். நாதனும் அதற்கு முன்நின்றனர். தொழிலாளர்கள் கேட்டது என்ன? சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அதே பட்டியலில், எங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் எழுதினார்கள். அவ்வாண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். கலவரம் மூண்டது, பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பிள்ளைகளின் படிப்பையும் ஒரு கோரிக்கையாக எழுதிவைத்துப் போராடிய மண் இது. பல்கலைக்கழகம் என்ற பேச்சே எட்டாத தூரத்தில் இருந்த காலம் அது.

1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் சேர்ந்து ஒன்றானதுதான் அது. அங்கே இந்திய இயல் துறை ஒன்று அமையும் என்ற பேச்சு வந்தபோது, எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். கடைக்காரர் கொடுத்தார், ஆசிரியர் கொடுத்தார், தோட்டத் தொழிலாளியும் கொடுத்தார். ஒரே ஒரு வெள்ளி கொடுத்தவர்களும் உண்டு. 1956இல் இந்திய இயல் துறை தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்கு வந்தது. 1962 ஜனவரி முதல் நாள் கோலாலம்பூரிலேயே மலாயாப் பல்கலைக்கழகம் தனித்து இயங்கத் தொடங்கியது.

அந்தத் துறைக்குத் தலைமையேற்று 1961இல் வந்தவர் தனிநாயக அடிகள். அவருடைய முயற்சியால் 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் தமிழுக்காக நம் ஊருக்கு வந்தார்கள். அன்றைக்கு எந்த உலகப் பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் எத்தனையாவது? பட்டியலே கிடையாது! ஒரு வெள்ளி கொடுத்த தொழிலாளி எண்ணைப் பார்த்துக் கொடுக்கவில்லை. "அங்க நம்ம மொழிக்கு இடம் இருக்கா? நம்ம புள்ள போனா உள்ள விடுவாங்களா?" இதைத்தான் அவர் பார்த்தார்.

நாம் இன்று பேசுகிற உலகப் பட்டியலுக்கு வயது மிகக் குறைவு. 2003இல் சீனாவின் ஷாங்காய் நகரில் ஒரு பல்கலைக்கழகம் முதன்முதலாக ஒன்றை வெளியிட்டது. 2004இல் லண்டனிலிருந்து டைம்ஸ் உயர்கல்வி இதழ், கியூ.எஸ். நிறுவனத்தோடு சேர்ந்து இன்னொன்றை வெளியிட்டது. அந்த முதல் லண்டன் பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 89ஆவது இடத்தில் நின்றது. முதல் நூறுக்குள்! நாடே மகிழ்ந்தது. வாழ்த்துப் பதாகைகள் தொங்கின.

அடுத்த ஆண்டே, 2005இல், அதே பட்டியலில் அதே பல்கலைக்கழகம் 169ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. ஒரே ஆண்டில் 80 படி! நாடாளுமன்றம் வரைக்கும் பேச்சு போனது. பேராசிரியர்கள் எல்லாரும் ஓடிப்போய்விட்டார்களா? நூலகம் எரிந்துபோனதா? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்படியானால் என்னதான் நடந்தது?

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2004ஆம் ஆண்டுப் பட்டியலில் மதிப்பெண் போட்ட முறை இது: மற்ற கல்வியாளர்களிடம் அபிப்பிராயம் கேட்டு 50 விழுக்காடு. மாணவர்–ஆசிரியர் விகிதத்துக்கு 20. ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எடுத்தாண்ட கணக்குக்கு 20. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு 5, வெளிநாட்டு மாணவர்களுக்கு 5. இந்தக் கடைசிக் கணக்கில்தான் கோளாறு. மலேசியக் குடிமக்களான சீனர்களையும் இந்தியர்களையும் வெளிநாட்டவர் என்று எண்ணிவிட்டார்கள்! மறு ஆண்டு அது திருத்தப்பட்டது. மதிப்பெண் போடும் முறையிலும் சில மாற்றங்கள் வந்தன. இடம் இறங்கியதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம் இந்தத் திருத்தம்தான்.

எண்ணிப் பாருங்கள். பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணில் பால் வெட்டி, இங்கேயே பிறந்து, நீல அடையாள அட்டை வைத்திருக்கிற நம் பிள்ளைகளை அந்நியர் என்று எழுதியபோது பல்கலைக்கழகம் உயர்ந்தது. உள்நாட்டுப் பிள்ளைகள்தான் என்று திருத்தியபோது தாழ்ந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், பெஞ்சும் அதே பெஞ்சு. மாறியது கணக்கு மட்டுமே.

ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். பாலை நிறுத்தால் மட்டும் போதுமா? தண்ணீர் கலந்தாலும் வாளி கனக்கத்தான் செய்யும். அதனால்தான் மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார்கள். பட்டியல் எண் என்பது வாளியின் கனம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஷாங்காய் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். நோபல் பரிசு போன்ற பெரிய விருது பெற்ற ஆசிரியர்களுக்கு 20 விழுக்காடு, அத்தகைய பழைய மாணவர்களுக்கு 10 விழுக்காடு. ஆராய்ச்சிக்கு இது நல்ல அளவுகோலாக இருக்கலாம். ஆனால் முதலாண்டு மாணவனுக்குப் பாடம் புரியவில்லை என்றால் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறவர் அங்கே உண்டா என்பதை இந்த எண் சொல்லாது. தமிழில் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இந்தக் கணக்குகளில் பெரும்பாலும் ஏறுவதில்லை. லண்டன் பட்டியலை வெளியிட்ட இருவரும் பின்னர் பிரிந்து தனித்தனியாகப் பட்டியல் போடுகிறார்கள். 2025ஆம் ஆண்டுக்கான கியூ.எஸ். பட்டியலில் மலாயாப் பல்கலைக்கழகம் 60ஆவது. அதே ஆண்டுக்கான டைம்ஸ் பட்டியலில் முதல் 200க்குள்ளேயே அது இல்லை. எது உண்மை? இரண்டுமே அவரவர் கணக்குப்படி உண்மைதான்!

"அப்போ பட்டியலைத் தூக்கிக் குப்பையில போட்டுடலாமா?" என்று கேட்டால், அதுவும் சரியல்ல. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் போகிறவர்களுக்கு ஆராய்ச்சி வலு முக்கியம்; அதைப் பட்டியல் ஓரளவு காட்டும். பிரிட்டன் 2022இல் ஒரு தனி விசா கொண்டுவந்தது. உலகப் பட்டியல்களில் முன்வரிசையில் நிற்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் அது உரியது. அப்படிப்பட்ட கதவுகளுக்கு எண்ணும் ஒரு சாவிதான். எல்லாக் கதவுக்கும் அதுவே சாவி என்று நினைப்பதில்தான் ஆபத்து.

எண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதையும் அதே 2005ஆம் ஆண்டே நமக்குக் காட்டியது. அப்போது உக்ரேன் நாட்டின் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மலேசிய மாணவர்கள் பலர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நம் இந்தியப் பிள்ளைகள் ஏராளம். அந்தப் பட்டத்துக்கு இங்கே கொடுத்துவந்த அங்கீகாரத்தை நிறுத்தப் போவதாக நம் அரசாங்கம் அவ்வாண்டு அறிவித்தது. பெற்றோர்களின் நெஞ்சு பதறியது. சமூகத்தில் பெரும் விவாதம் எழுந்தது. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று அனுப்புகிற படிப்புக்கு, திரும்பி வந்தபின் நம் நாட்டில் மதிப்பு உண்டா? கிளம்பும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. என்கிற மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது, குறிப்பிட்ட அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றமும், பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியமும் அதை ஏற்கின்றனவா? பிரிட்டனில் சட்டம் படித்தாலும் இங்கே வழக்கறிஞராவதற்கு இன்னொரு தேர்வு எழுத வேண்டியிருக்கும், தெரியுமா? மொத்தச் செலவு எவ்வளவு? பி.டி.பி.டி.என். பணம் இனாம் அல்ல, கடன். படித்து முடித்தபின் பிள்ளைதான் கட்ட வேண்டும். கடைசியாக, அங்கே படித்து முடித்தவர்கள் இப்போது என்ன வேலை செய்கிறார்கள்? இவற்றுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு, "எத்தனையாவது?" என்று கேளுங்கள். தப்பே இல்லை.

தஞ்சோங் மாலிமைப் பாருங்கள். 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, 1997இல் பல்கலைக்கழகம் ஆனது. உலகப் பட்டியலின் உச்சியில் அதன் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஆனால் தமிழ்மொழிக் கல்வியில் அங்கே பட்டம் பெறலாம். தமிழாசிரியராக வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைக்கு, உலகத்தில் முதலிடம் பிடித்த பல்கலைக்கழகத்தைவிட தஞ்சோங் மாலிம்தான் பொருத்தமான இடம். யாருக்கு எது தேவையோ அதற்கு ஏற்ற இடமே அவருக்கு முதலிடம்.

மாணவச் செல்வங்களே! இன்றைக்கு மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களுக்கு வாழ்த்துகள். பரிசு கிடைக்காதவர்களும் மனம் தளர வேண்டாம். 1941இல் இந்த வட்டாரத்தில் உயிரைக் கொடுத்தவர்களும், பின்னாளில் ஒரு வெள்ளி கொடுத்தவர்களும் நமக்காகக் கேட்டது படிக்கிற உரிமையை. பட்டியலில் ஓர் இடத்தை அல்ல. அந்த உரிமை இன்று உங்கள் கையில் இருக்கிறது. எங்கே படித்தாலும் ஊன்றிப் படியுங்கள். யார் எப்படிக் கணக்கெழுதினாலும், நீங்கள் இந்த மண்ணின் பிள்ளைகள் என்பதை மறவாதீர்கள்.