கரிம ரசாயனப் பரிபாஷையும் நஞ்சறுப்பான் கொடியும்

மேல்நிலை வகுப்புகளில் கரிம ரசாயனம் தொடங்குமிடத்தில், வினைத்தொகுதி, மாற்றியம், ஒளிசுழற்றும் தன்மை என்னும் பரிபாஷைகள் தத்தம் இலக்கணங்களோடு முதலில் அணிவகுக்க, அவற்றால் சுட்டப்பெறும் பொருள்கள் பின்னால் உதாரணங்களாக மட்டுமே வந்து சேர்வது நெடுநாளைய வழக்கமாக இருந்துவருகிறது. இவ்வரிசை, சாஸ்திரம் வளர்ந்த வரிசைக்கு நேர்மாறானது. ஒவ்வொரு பரிபாஷையும் ஒரு சோதனையின் முடிவில் பிறந்த தீர்ப்பாதலால், சோதனையை விட்டுத் தீர்ப்பை மட்டும் மனனம் செய்யும் மாணாக்கன் சொல்லை அறிவானேயன்றிப் பொருளை அறியான் என்பதே யான் இங்கு நிறுவ முயல்வது. அதற்கு வேண்டிய சான்றுகளைத் தேடி அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. சென்னைப் புறநகரான நூம்பலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே நகருக்குள் சென்றால், கடற்கரையை நோக்கி நிற்கும் மாநிலக் கல்லூரியிலேயே அவை கிடைக்கின்றன.

1828-ஆம் ஆண்டில் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைப் பெற்றதைப் பாடநூல்கள் உயிர்ச்சக்திக் கொள்கையின் வீழ்ச்சியாகவே வருணிக்கின்றன. என் கருத்தில், அந்நிகழ்ச்சியின் பெருமை வேறோரிடத்தில் இருக்கிறது. தொடக்கப் பொருளிலும் இறுதிப் பொருளிலும் அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருக்க, குணங்கள் மட்டும் முற்றிலும் மாறிப்போயின. அணுக்களின் எண்ணிக்கை பொருளை நிர்ணயிப்பதில்லை, அவை பிணைந்துள்ள முறையே நிர்ணயிக்கிறது என்ற கருத்துக்கு இதுவே விதை. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் ஆகியவை ஒரு விதமாகச் சேர்ந்தால் 78 டிகிரியில் கொதிக்கும் சாராயம். வேறு விதமாகச் சேர்ந்தால், அறை வெப்பத்தில் வாயுவாகவே இருக்கும் டைமெத்தில் ஈதர். மாற்றியம் என்னும் பெயரை பெர்சீலியஸ் 1830-இல்தான் சூட்டினார். வியப்பு முன்னே வந்தது. பெயர் அதன் பின்னே வந்தது.

இனி நஞ்சறுப்பானுக்கு வருவோம். நம் சமவெளிப் புதர்களில் படரும் இக்கொடியின் இலை, ஈளை இரைப்புக்கு நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த மருந்து. அதிலிருந்து டைலோஃபோரின் என்னும் ஆல்கலாய்டை 1935-இல் ரத்னகிரீஸ்வரனும் வேங்கடாசலமும் பிரித்தெடுத்தார்கள். பெயர் கிடைத்துவிட்டதே தவிர, அது தாவரத்தின் லத்தீன் பெயரை ஒட்டியதேயன்றி மூலக்கூறைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மூலக்கூறின் வடிவத்தை மாநிலக் கல்லூரியில் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சகாக்களும் படிப்படியாக வெளிப்படுத்தி, 1961-இல் அதனைச் சோதனைச்சாலையிலேயே தொகுத்துக் காட்டினார்கள்.

இத்தகைய ஆராய்ச்சியில் வினைத்தொகுதி எவ்வாறு கண்டறியப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வியன்னாவில் ஸைஸல் 1885-இல் வகுத்த முறைப்படி, நிறுத்து எடுத்த பொருளை ஹைட்ரயோடிக் அமிலத்தோடு கொதிக்கவைத்தால், மெத்தாக்சித் தொகுதி ஒவ்வொன்றும் ஒரு மெத்தில் அயோடைடாகப் பிரிந்து ஆவியாகி, அடுத்த குடுவையிலுள்ள வெள்ளி நைட்ரேட் கரைசலுக்குள் சென்று, வெளிர்மஞ்சள் நிறமான வெள்ளி அயோடைடை வீழ்படிவாக்குகிறது. அவ்வீழ்படிவை வடிகட்டி, உலர்த்தி, நிறுக்கிறார்கள். டைலோஃபோரினின் மூலக்கூறு எடை ஏறக்குறைய 393. அதில் மெத்தாக்சித் தொகுதிகள் நான்கு. ஆதலின் 100 மில்லிகிராம் பொருள் ஏறத்தாழ 239 மில்லிகிராம் வெள்ளி அயோடைடைத் தரவேண்டும். தராசில் இவ்வெண்ணைக் கண்டவனுக்கு வினைத்தொகுதி என்பது கரும்பலகையில் எழுதிய இலக்கணமன்று; தன் கையால் எண்ணி அறிந்த ஒரு பொருள்.

நைட்ரஜன் எவ்வாறு பிணைந்துள்ளது என்னும் வினாவுக்கு விடையளிப்பது ஹாஃப்மன் சிதைவு முறை. நைட்ரஜனை மெத்தில் அயோடைடால் முற்றிலும் மெத்திலேற்றி, ஹைட்ராக்சைடாக மாற்றிச் சூடேற்ற, அதற்கும் கார்பன் சட்டகத்துக்கும் இடையேயுள்ள பிணைப்புகளில் ஒன்று அறுகிறது. ஒரே சுற்றில் நைட்ரஜன் கழன்று வந்துவிட்டால் அது பக்கத்தில் தொங்கியது. இரண்டு சுற்று வேண்டின் ஒரு வளையத்தில் இருந்தது. மூன்று வேண்டின், டைலோஃபோரினில் உள்ளதுபோல, இரு வளையங்கள் கூடும் மூலையில் அமர்ந்திருந்தது. சிறிதும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றின் அமைப்பை இத்தனை எளிய தர்க்கத்தால் அறிந்துகொள்ளும் இவ்வழியைப் போல் மனித அறிவின் அழகைக் காட்டும் பாடம் பள்ளிக்கூடத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதையே நாம் விட்டுவிடுகிறோம்.

ஒளிசுழற்றும் தன்மைக்குக் காரணமான சமச்சீரற்ற கார்பன் என்னும் கருத்தும் இவ்வாறே. டைலோஃபோரினில் அத்தகைய கார்பன் ஒன்றே உண்டு. ஆதலின் வலக்கையும் இடக்கையும் போல இரண்டே வடிவங்கள் சாத்தியம். நூம்பலிலும் வேலப்பன்சாவடியிலும் தெருவோரங்களில் நிற்கும் வேம்பின் விதையிலுள்ள அசாடிராக்டினிலோ அத்தகைய கார்பன்கள் பதினாறு. கணக்குப்படி 65,536 வடிவங்களுக்கு இடமுண்டு. மரம் செய்வது அவற்றுள் ஒன்றே. 1968-இல் பட்டர்வொர்த், மார்கன் என்பவர்கள் பிரித்தெடுத்த அப்பொருளின் சரியான அமைப்பு 1985-இல்தான் உறுதியாயிற்று; லேயின் குழுவினர் அதனைத் தொகுத்துக் கேம்பிரிட்ஜில் முடிக்க 2007 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், உழைக்க வேண்டியதாயிற்று. கோவிந்தாச்சாரி தம் முதுமையில் சென்னையிலேயே ஆராய்ந்தது இந்த வேம்பைத்தான்.

தமிழில் கலைச்சொற்கள் நிலைபெறாமையே கற்பித்தலின் குறைக்குக் காரணம் என்பாரும் உளர். இக்கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய கிறீன் வைத்தியரின் ‘கெமிஸ்தம்’ 1875-இல் வெளிவந்த காலந்தொட்டும், சேலத்தில் ராஜாஜி முதலியோர் 1916-இல் பரிபாஷைச் சங்கம் கண்ட காலந்தொட்டும் சொற்களை ஆக்குவோர் தம் கடமையைச் செய்தே வந்திருக்கிறார்கள். சேதன ரசாயனம் என்றாலும் கரிம வேதியியல் என்றாலும் தராசில் விழும் மஞ்சள் வீழ்படிவின் எடை மாறப்போவதில்லை.

இம்மூலக்கூறுகள் பதினொன்றாம் வகுப்புக்கு மிகக் கடினமானவை என்ற ஆட்சேபம் அதனினும் வலியது. முழு அமைப்பையும் வரையச் சொன்னால் அது நியாயமே. ஆனால் அமைப்பின் ஒரு மூலையை மட்டும் கேட்கலாம். புங்கங்கொட்டை எண்ணெயில் கரஞ்சின் என்னும் பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறு எடை 292. அதில் 100 மில்லிகிராமை ஸைஸல் முறைப்படி கொதிக்கவைத்தபோது ஏறத்தாழ 80 மில்லிகிராம் வெள்ளி அயோடைடு கிடைத்தது என்று சொல்லி, வெள்ளி அயோடைடின் மூலக்கூறு எடை 235 என்பதையும் கொடுத்து, பிரிந்துவந்த தொகுதிகள் எத்தனை என்று மாணாக்கரைக் கணக்கிடச் சொல்லவேண்டும். ஒன்று என்னும் விடையை அவர்களே கண்டபின், அத்தொகுதிக்கு மெத்தாக்சி என்று பெயர் என்பதை ஆசிரியர் சொல்லலாம்.